புதிதாக ஆசிரியர் பயிற்றுநர் ஆகியிருக்கிறீர்களா? முதல் ஆண்டுக்கு ஒரு வழிகாட்டி

வட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் உதவியும் தரும் வட்டார வள மையத்தில் நான் பணியேற்ற அன்று கையில் கிடைத்தவை இரண்டு: ஓர் ஆணை, ஒரு பள்ளிப் பட்டியல். "பள்ளிகளைப் பாருங்கள், ஆசிரியர்களுக்கு உதவியாக இருங்கள்" என்றார்கள். எதைப் பார்ப்பது, எது உதவி என்று யாரும் சொல்லவில்லை. அதுவரை ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவன் நான். ஒரே நாளில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு வழிகாட்ட வேண்டியவனாகிவிட்டேன். முதல் ஆண்டில் செய்யக்கூடாதவை எல்லாவற்றையும் செய்தேன். அவற்றில் ஒன்றுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அதைக் கீழே சொல்கிறேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் புதிதாக இந்தப் பணிக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தனியார் பள்ளியில் ஒருங்கிணைப்பாளராக இருப்பவர்களுக்கும் 4 முதல் 8 வரையுள்ள படிகள் அப்படியே பொருந்தும்.

1. முதல் வாரம்: காகிதங்களை முடித்துவிடுங்கள்

பழைய பள்ளியிலிருந்து பணிவிடுவிப்பு ஆணை, கடைசி ஊதியச் சான்று, பணிப்பதிவேடு ஆகிய மூன்றும் வந்து சேரும்வரை சம்பளம் இழுத்துக்கொண்டே போகும். பணிவிடுவிப்பு ஆணையையும் பணியேற்பு அறிக்கையையும் நான்கு நகல் எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள். பணியேற்பு முற்பகலா பிற்பகலா என்பது ஆணையில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். என் அறிக்கையில் அந்த ஒரு சொல் விடுபட்டிருந்தது. அதைத் திருத்த மூன்று முறை அலைந்தேன்.

அடுத்ததாகப் பொறுப்புப் பள்ளிகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பள்ளியின் பெயர் மட்டும் போதாது. ஒரே ஊர்ப் பெயரில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்று மூன்று இருக்கும். ஒவ்வொரு பள்ளிக்கும் உரிய அடையாள எண்ணான, 33 என்று தொடங்கும் 11 இலக்க யு-டைஸ் எண்ணோடு பட்டியல் வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் எந்தச் செயலியில் எதைப் பதிவு செய்தாலும் அந்த எண்தான் பேசும்.

2. உங்கள் அதிகாரம் எதுவரை என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆசிரியர் பயிற்றுநர் என்பவர் பட்டதாரி ஆசிரியர் நிலையில் உள்ளவர். வட்டாரக் கல்வி அலுவலர் வேறு, நாம் வேறு. விடுப்பு, ஊதியம், ஆண்டாய்வு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அவர் பக்கம். நம் பக்கம் இருப்பது வகுப்பறை மட்டும். இது நமக்குத் தெரியும், பள்ளிக்குத் தெரியாது. பைக் நிற்கும் சத்தம் கேட்டதும் "ஆபீஸிலிருந்து ஆள் வந்திருக்கிறது" என்றுதான் தகவல் பறக்கும்.

அதை நாமே வளர்த்துவிடுவதும் உண்டு. தலைமையாசிரியரின் நாற்காலியில் உட்காருவது, வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுவது, தாமதமாக வந்தவரைப் பார்த்து மணிக்கட்டைத் திருப்புவது. இவற்றில் ஒன்றைச் செய்தாலும் அந்தப் பள்ளியில் உங்கள் முன் யாரும் உண்மையான வகுப்பு எடுக்கமாட்டார்கள். அலுவலர் வரும் நாளுக்கென்று தனியாக ஒரு பாடம் எல்லா ஆசிரியரிடமும் தயாராக இருக்கும். நாமும் வைத்திருந்தவர்கள்தானே.

மேலிருந்து "இன்று போகும்போது கழிப்பறையையும் பார்த்துப் படம் அனுப்புங்கள்" என்று சொல்வார்கள். தவிர்க்க முடியாது. அப்படிப்பட்ட நாளில் வகுப்பறைக்குள் போகாதீர்கள். கணக்கெடுப்பு ஒரு நாள், வகுப்பு ஒரு நாள் என்று பிரித்துவிடுங்கள்.

3. முதல் சுற்று: ஒன்றையும் எழுதாதீர்கள்

எல்லாப் பள்ளிகளுக்கும் ஒருமுறை சும்மா போய் வாருங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்பே போய்விடுவது நல்லது. காலை உணவு பரிமாறும் நேரத்தில் பள்ளியின் நிலவரம் தானாகத் தெரியும்: யார் பிள்ளைகளோடு உட்காருகிறார், எந்தப் பிள்ளை தனியாகச் சாப்பிடுகிறது, எத்தனை பேர் வரவில்லை.

இந்தச் சுற்றில் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். எந்த வகுப்பு யாரிடம்? இது ஈராசிரியர் பள்ளியா? ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பையும் யார் பார்ப்பது? பிள்ளைகளின் குடும்பங்கள் என்ன வேலை செய்கின்றன, ஆண்டின் நடுவில் ஊர் மாறுகிறவர்கள் உண்டா?

அந்தக் கடைசிக் கேள்வியை நான் ஒரு பள்ளியில் கேட்கவில்லை. மூன்றாம் வகுப்பில் 23 பிள்ளைகள். பாதிப் பேருக்குச் சரளமாக வாசிக்க வரவில்லை. ஆசிரியைக்கு 22 ஆண்டு அனுபவம். பள்ளியைப் பார்வையிட வருகிறவர்கள் குறிப்பு எழுதும் பார்வைப் பதிவேட்டை வாங்கி, "மாணவர்களின் வாசிப்புத் திறன் திருப்திகரமாக இல்லை" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு அடுத்த பள்ளிக்குப் போனேன். நான்கு மாதம் கழித்து வேறொரு ஆய்வின்போது அந்த வரி யார் கண்ணிலோ பட்டிருக்கிறது. விளக்கம் கேட்டு அவருக்குக் குறிப்பாணை போனது. பிறகுதான் தெரிந்தது: அந்த வகுப்பில் ஏழு பேர் செங்கல் சூளைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகள். தை பிறந்ததும் பெற்றோருடன் கிளம்பினால் பள்ளி திறந்த பிறகுதான் ஊர் திரும்புவார்கள்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். டீ வரவழைத்தார். "நீங்கள் எழுதியது பொய் இல்லை சார். எழுதிவிட்டு அப்புறம் எட்டிப் பார்க்கவே இல்லையே" என்றார். அவர் விளக்கம் எழுதிக் கொடுத்து, விஷயம் அத்தோடு முடிந்தது. எனக்குத்தான் முடியவில்லை.

4. ஒன்றாம் வகுப்பை நீங்களே எடுத்துப்பாருங்கள்

"சார், நீங்கள் ஒன்றாம் வகுப்பு எடுத்திருக்கிறீர்களா?" இந்தக் கேள்வி வந்தே தீரும். இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். பி.எட். படிப்பில் ஆறு வயதுப் பிள்ளையை நாற்பது நிமிடம் ஒரே இடத்தில் உட்காரவைக்க யாரும் கற்றுத் தருவதில்லை.

நான் செய்தது இது: முதல் சுற்று முடிந்ததும் எனக்குப் பழக்கமான ஒரு தலைமையாசிரியரிடம் சொல்லி, இரண்டு வாரம் தினமும் முதல் ஒரு மணி நேரம் ஒன்று முதல் மூன்று வகுப்புகளை நானே எடுத்தேன். அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பிள்ளைகளையும் ஒரே அறையில் சமாளிக்க முயன்றேன். முதல் நாள் பத்தாவது நிமிடத்திலேயே அரும்பில் இருவர் அடித்துக்கொண்டார்கள், ஒருவன் என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான், மலர் நிலைக் குழந்தை ஒன்று "சார், முடிச்சிட்டேன், அடுத்து?" என்று என்னை விரட்டியது. கையேட்டில் பதினைந்து நிமிடம் என்று போட்டிருந்த செயல்பாட்டுக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. வகுப்பாசிரியை கதவோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அவர் என்னிடம் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தார்.

இரண்டு வாரம் கிடைக்காவிட்டால் மூன்று நாளாவது எடுங்கள். செலவு எதுவும் இல்லை, கொஞ்சம் மானம்தான் போகும்.

5. வகுப்பில் உட்காருவதற்கு முன் ஐந்து நிமிடப் பேச்சு

திடீரென்று போய் நிற்பதால் உண்மை தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. பதற்றத்தில் இருக்கும் வகுப்பைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வது? முந்தின நாள் போன் செய்து சொல்லுங்கள். காலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள்.

"இன்று என்ன பாடம் டீச்சர்?"

"நான் எதைப் பார்த்துச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும்?"

இரண்டாவது கேள்விக்கு ஆரம்பத்தில் "எல்லாவற்றையும் பாருங்கள் சார்" என்றுதான் பதில் வரும். விடாதீர்கள். "எல்லாவற்றையும் பார்க்க எனக்குத் தெரியாது, ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். மூன்றாவது முறை போகும்போது அவர்களே சொல்வார்கள்: "கடைசி பெஞ்சில் நான்கு பேர் இருக்கிறார்கள், நான் எழுதும்போது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்." அந்த வரி கிடைத்த அன்று உங்கள் வேலை பாதி முடிந்துவிட்டது.

ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பில் இருந்தால் அன்று பார்வையிடாதீர்கள். மற்ற வகுப்பை நீங்கள் எடுங்கள்.

6. வகுப்பில் இருக்கும் நாற்பது நிமிடம்

பின்னால் உட்காராதீர்கள். பின்னாலிருந்து பார்த்தால் ஆசிரியரின் முகமும் பிள்ளைகளின் முதுகும்தான் தெரியும். பக்கவாட்டில், பிள்ளைகளின் நோட்டு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாயிலோ சிறிய பெஞ்சிலோ உட்காருங்கள்.

செல்பேசியைப் பையில் வையுங்கள். செயலியில் பார்வையிடல் படிவம் நிரப்ப வேண்டியிருக்கும், சரி. அதை வகுப்பு முடிந்தபின் வராந்தாவில் நிரப்பலாம். செல்பேசி வெளியே வந்ததும் படம் எடுக்கிறார், எங்கோ அனுப்பப்போகிறார் என்றுதான் ஆசிரியர் நினைப்பார். நம் பள்ளிகள் பலவற்றில் சிக்னலும் கிடைக்காது. காகிதமே நல்லது.

பி.எட். படிக்கும்போது வகுப்பறைப் பேச்சைப் பகுத்துப் பார்க்கும் பிளாண்டர்ஸின் பத்து வகைகளை மனப்பாடம் செய்திருப்பீர்கள்: ஆசிரியர் பேச்சுக்கு ஏழு, மாணவர் பேச்சுக்கு இரண்டு, அமைதி அல்லது குழப்பத்துக்கு ஒன்று. மூன்று விநாடிக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே போக வேண்டும் என்பது அந்த முறை. அதை அப்படியே செய்தால் வகுப்பைப் பார்க்க முடியாது, கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும். அதன் உட்கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒன்று என்று கீழே உள்ளவற்றில் எதையாவது குறியுங்கள்.

இருக்கை வரைபடம்: யார் எங்கே என்று கட்டம் போட்டு, ஆசிரியர் கேள்வி கேட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு. முடிவில் பெரும்பாலும் முன் வரிசையில் நான்கைந்து பேருக்கே கோடுகள் குவிந்திருக்கும். கருத்து எதுவும் சொல்லாமல் அந்தத் தாளை மட்டும் ஆசிரியரிடம் கொடுங்கள்.

காத்திருக்கும் நேரம்: கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி கழித்து ஆசிரியர் தானே பதில் சொல்கிறார் அல்லது வேறு பிள்ளையிடம் தாவுகிறார்? அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் இதை அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடியாக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. நான் அளந்த வகுப்புகளிலும் ஒரு விநாடிதான். நான் எடுத்துக் காட்டிய மாதிரி வகுப்பில் அதைவிடக் குறைவு என்று ஓர் ஆசிரியர் எண்ணிச் சொன்னார்.

நோட்டு: எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு நாள் மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் நடந்தது. கரும்பலகையில் 52 கழித்தல் 37. ஆசிரியை அழகாக விளக்கினார், பிள்ளைகளும் கூட்டாகப் பதில் சொன்னார்கள். அடுத்த கணக்கை நோட்டில் போடச் சொன்னபோது நான் ஒரு சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். 63 கழித்தல் 28. அவள் தயங்காமல் 45 என்று எழுதினாள். "எப்படி?" என்று மெதுவாகக் கேட்டேன். "எட்டுல மூணு போனா அஞ்சு. ஆறுல ரெண்டு போனா நாலு" என்றாள். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று யாரோ எப்போதோ சொன்னதை அவள் விசுவாசமாகக் கடைப்பிடிக்கிறாள். வேறு நோட்டுகளையும் பார்த்தேன். பதினொரு நோட்டில் 45.

7. பின்பேச்சு: பதினைந்து நிமிடம் போதும்

இடம் முக்கியம். பிள்ளைகள் முன்னால் வேண்டாம், தலைமையாசிரியர் அறையிலும் வேண்டாம். மதிய உணவுக்குப் பிறகு மரத்தடியோ காலி வகுப்போ போதும். அன்றே பேசிவிடுங்கள். மறுநாள் ஆனால் உங்களுக்கு நோட்டு நினைவிருக்காது, அவருக்கு வகுப்பு நினைவிருக்காது.

"வகுப்பு எப்படி இருந்தது டீச்சர்?" என்று தொடங்காதீர்கள். "நன்றாக இருந்தது சார்" என்பதற்கு மேல் பேச்சு நகராது. நான்கு பாராட்டு சொல்லிவிட்டு "ஆனால்" என்று இழுக்கும் வித்தையும் வேண்டாம். அந்த "ஆனால்" வரப்போகிறது என்று முதல் பாராட்டிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும். பாராட்டத் தோன்றினால் தனியாக, வேறொரு நாளில், குறிப்பிட்டுப் பாராட்டுங்கள்.

கழித்தல் வகுப்புக்குப் பிறகு நான் அந்தப் பதினொரு நோட்டையும் கொண்டுபோய் மேசையில் பரப்பினேன்.

"எல்லோருக்கும் ஒரே தப்பு வந்திருக்கிறதே" என்றார்.

"ஆமாம் டீச்சர்."

கொஞ்ச நேரம் நோட்டுகளையே பார்த்தார். "கவனக்குறைவு என்று நினைத்தேன். இது கவனக்குறைவு இல்லையே சார். எல்லோரும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்."

"நாளைக்கு என்ன செய்யலாம்?"

பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிக் கட்டுகளை எடுக்கலாம் என்று அவரே சொன்னார். ஆறு கட்டு, மூன்று உதிரி. எட்டு வேண்டும் என்றால் ஒரு கட்டை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். கட்டை அவிழ்க்கும்போது கடன் என்ற சொல்லே தேவைப்படாது. அலமாரியில் அந்தக் கட்டுகள் தூசி படிந்து கிடந்தன. கணித உபகரணப் பெட்டியில் இருந்தவற்றை உடைந்துவிடும் என்று யாரோ பூட்டி வைத்திருந்தார்கள். அன்று நான் செய்தது அந்தப் பூட்டுக்குச் சாவி கேட்டதுதான்.

ஒரு சந்திப்பில் ஒரே ஒரு மாற்றம். உங்கள் கண்ணில் ஒன்பது குறை பட்டிருக்கும். எட்டை விழுங்கிவிடுங்கள். ஒன்பதையும் சொன்னால் ஒன்றும் நடக்காது, உங்களைப் பற்றிய பேச்சு மட்டும் நடக்கும்.

8. பதிவேட்டில் எழுதுவது எப்படி

பார்வைப் பதிவேடு நிரந்தர ஆவணம். அதில் எழுதியதை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக் காட்டலாம். ஒழுங்கு நடவடிக்கை விதிகளான 17(அ), 17(ஆ) என்ற சொற்களுக்கு ஆசிரியர்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே:

மூன்று வரிக்கு மேல் வேண்டாம். பார்த்த வகுப்பு, பாடம், நேரம். கண்ட ஒரு செய்தி. இருவரும் பேசி முடிவு செய்த ஒன்று. "திருப்திகரமாக இல்லை", "மேம்படுத்தப்பட வேண்டும்", "ஆர்வமின்மை காணப்படுகிறது" போன்ற தீர்ப்புச் சொற்களை எடுத்துவிடுங்கள். என் இப்போதைய குறிப்பு இப்படி இருக்கும்: "மூன்றாம் வகுப்பு, கணக்கு, காலை 10.10 முதல் 10.50 வரை. இனமாற்றிக் கழித்தலில் 11 மாணவர்கள் ஒரே வகைப் பிழை செய்கிறார்கள். ஈர்க்குச்சிக் கட்டுகள் கொண்டு மீண்டும் கற்பிக்க ஆசிரியர் திட்டமிட்டுள்ளார். 18-ஆம் தேதி மீண்டும் பார்க்கப்படும்."

எழுதும் முன் ஆசிரியரிடம் வாசித்துக் காட்டுங்கள். இந்த ஒரு பழக்கத்தை அந்தக் குறிப்பாணைக்குப் பிறகு நான் விட்டதே இல்லை.

வாட்ஸாப் குழுவில் எந்தப் பள்ளியைப் பற்றியும், நல்லதோ கெட்டதோ, எழுதாதீர்கள். "இந்தப் பள்ளியைப் பாருங்கள்" என்று ஒரு பாராட்டுப் படம் போட்டாலே மற்ற பதினான்கு பள்ளிகளுக்கு அது குத்தல்.

உங்களுக்கென்று ஒரு சொந்த நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளிக்கு நான்கு பக்கம். அதில்தான் உண்மையான குறிப்புகள். அதை ஒருநாளும் பள்ளியில் மறந்து வைத்துவிடாதீர்கள்.

9. சொன்ன தேதியில் திரும்பிப் போங்கள்

18-ஆம் தேதி என்று எழுதினால் 18-ஆம் தேதி. முதல் பார்வையில் நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஆசிரியர்கள் உங்களை எடைபோடுவது இரண்டாவது முறை வந்தீர்களா என்பதை வைத்துத்தான். பத்திலிருந்து பதினைந்து நாளுக்குள் போவது நல்லது. அதற்குக் குறைவானால் அவருக்குச் செய்துபார்க்க நேரம் இருக்காது. மூன்று வாரம் தாண்டினால் இருவருக்கும் மறந்துபோகும்.

போக முடியாத நாள் வரும். திடீர்க் கூட்டம், பயிற்சி, தேர்தல் பணி. முந்தின நாளே போன் செய்து வேறு தேதி சொல்லிவிடுங்கள். நம் துறையில் இப்படி யாரும் செய்வதில்லை என்பதால் இந்த ஒரு போனுக்கே தனி மரியாதை உண்டு.

இதனால் எல்லாப் பள்ளிக்கும் சமமாகப் போக முடியாது. பயணத் திட்டத்தில் மாதத்துக்கு எல்லாப் பள்ளியையும் ஒருமுறை தொட்டுவிடுங்கள். ஆனால் ஆழமாக உதவி செய்வது ஒரு நேரத்தில் ஐந்தாறு ஆசிரியர்களுக்குத்தான் முடியும். புதிதாகப் பணியேற்றவர்கள், ஐந்து வகுப்பையும் தனியாகச் சமாளிப்பவர்கள், தாமாகக் கேட்டவர்கள் என்ற வரிசையில் தேர்ந்தெடுங்கள். "மோசமான ஆசிரியர்" பட்டியல் போட்டுக்கொண்டு தொடங்கினால், நீங்கள் யார் வகுப்பில் உட்கார்ந்தாலும் அவருக்கு அது முத்திரை குத்தியது போலாகும்.

10. எந்த மாதத்தில் என்ன

ஜூன்: அறிமுகச் சுற்று. புத்தகம் வழங்குவதும் பதிவுகளுமாகப் பள்ளி பரபரப்பாக இருக்கும், வகுப்பைப் பார்க்க இது நேரமில்லை. ஜூலை இரண்டாம் வாரத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை உங்களுக்குப் பொற்காலம். பிறகு காலாண்டுத் தேர்வு. அக்டோபர் நடுவிலிருந்து வடகிழக்குப் பருவமழை. மழை விடுமுறைகளைக் கழித்துவிட்டே தேதி கொடுங்கள். அரையாண்டுக்குப் பிறகு, பொங்கல் கழிந்து பிப்ரவரி வரை இன்னொரு நல்ல இடைவெளி. மார்ச்சில் யாரையும் புதிதாக எதையும் செய்யச் சொல்லாதீர்கள்.

கிழமைகளில் திங்கள் காலை வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய முதல் அரை மணி நேரத்தை வைத்து எந்த ஆசிரியரையும் எடைபோட வேண்டாம்.

11. செலவு

என் பள்ளிகள் பரந்து கிடக்கின்றன. மாதம் 20 முதல் 25 லிட்டர் பெட்ரோல் ஆகிறது. லிட்டர் நூறு ரூபாய்க் கணக்கில் இரண்டாயிரத்தைந்நூறு வரை கைப்பணம். பயணப்படி நிதி வந்தபிறகுதான் கிடைக்கும், மூன்று நான்கு மாதம் சேர்ந்து வருவதும் உண்டு. பயண நாட்குறிப்பை அன்றன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் ஞாயிற்றுக்கிழமை பள்ளி பார்த்ததாக எழுதிவிடுவீர்கள். என்னோடு பணியாற்றிய ஒருவர் எழுதினார். பட்டியல் திரும்பி வந்தது.

ஒரே திசையிலுள்ள இரண்டு பள்ளிகளை ஒரே நாளில் இணையுங்கள்: ஒன்றில் முழு வகுப்பு, மற்றதில் பின்தொடர் சந்திப்பு. மூன்றாவதைச் சேர்க்காதீர்கள். ஆசிரியர்களிடம் மதியச் சாப்பாடு வாங்கிச் சாப்பிடுவது அன்பாகத் தோன்றினாலும், கட்டுச்சோறு கொண்டுபோவது நல்லது. எல்லோரோடும் உட்கார்ந்து பகிர்ந்து சாப்பிடலாம். நமக்கென்று தனியாகக் கடையிலிருந்து வரவழைக்கும் நிலை வந்தால் நாமும் ஆய்வு அலுவலர் ஆகிவிட்டோம் என்று அர்த்தம்.

12. குறுவள மையக் கூட்டம்

குறுவள மையம் என்பது அருகிலுள்ள சில பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் இடம். அங்கே மேலிருந்து வரும் படக்காட்சியைக் காட்டித்தான் ஆக வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரத்தை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரும் தன் வகுப்பிலிருந்து பிழையுள்ள நோட்டு இரண்டைக் கொண்டுவரட்டும். பெயரை மறைத்துவிட்டு நடுவில் வைத்து, "இந்தப் பிள்ளை எப்படி யோசித்திருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். எனக்குத் தெரிந்து குறுவள மையத்தில் யாரும் செல்பேசியைப் பார்க்காத ஒரே அரை மணி நேரம் அது. நடத்துவதற்கு உங்களைவிடப் பொருத்தமானவர் அந்த அறையிலேயே இருப்பார். எங்கள் மையத்தில் அதை இப்போது நடத்துவது நான் குறிப்பாணை வாங்கிக் கொடுத்த அதே ஆசிரியைதான். ஒப்புக்கொள்ள ஓராண்டு எடுத்துக்கொண்டார்.

13. இரகசியம் காப்பேன் என்று எல்லாவற்றுக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்

பழகியபின் ஆசிரியர்கள் நிறையச் சொல்வார்கள். வீட்டுக் கடன், தலைமையாசிரியரோடு மனஸ்தாபம், மாறுதல் கிடைக்காத வருத்தம் எல்லாம் உங்களோடு இருக்கட்டும். பிள்ளைகளின் பாதுகாப்பு மட்டும் வேறு. ஒரு பிள்ளை பாலியல் துன்பத்துக்கு ஆளாகியிருக்கிறது என்று தெரியவந்தால், போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பள்ளிச் சுவரில் பார்த்திருப்பீர்கள், உங்கள் செல்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளைகளை அடிப்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவால் தடைசெய்யப்பட்டது. வகுப்பில் பிரம்பைப் பார்த்தால் ஒன்பது குறைகளில் ஒன்றாக அதை விழுங்கக்கூடாது. அன்றே, தனியாக, நேராகப் பேசிவிடுங்கள். மறுமுறையும் பார்த்தால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் போக வேண்டியதுதான். இதை முதல் சந்திப்பிலேயே ஆசிரியரிடம் சொல்லிவைத்திருந்தால் பின்னால் காட்டிக்கொடுத்தது போல இருக்காது.

14. மாறுதலில் போகும்போது

கலந்தாய்வில் இடம் கிடைத்து நீங்கள் பள்ளிக்குத் திரும்பும் நாள் வரும். அடுத்து வருகிறவருக்கு அந்தச் சொந்த நோட்டைக் கொடுங்கள். யாரிடம் எந்தப் பாடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள், எந்தத் தேதியில் திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள் என்ற பக்கங்கள் அவருக்கு வேண்டும். எந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளைகள் சூளைக்குப் போகிறார்கள் என்ற பக்கமும் வேண்டும். ஆசிரியர்களின் சொந்தக் கதைகள் உள்ள பக்கங்களைக் கொடுப்பதற்கு முன் கிழித்துவிடுங்கள்.